மழை குறுக்கிட்டால் வார இறுதிக் கிரிக்கெட் போட்டியை நடத்துவது எப்படி: கொழும்புக் கழகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மழையால் கெட்ட போட்டிகளை விட, மழை விட்ட பிறகு மூண்ட சண்டையால் கெட்ட போட்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வெள்ளவத்தைப் பக்கத்துப் பெடியள் சேர்ந்து நடத்தும் எங்கள் கழகத்தில் போட்டி ஒழுங்குகளைப் பல வருடமாகக் கவனித்து வருகிறேன். புதிதாகப் பொறுப்பெடுப்பவர்கள் தடுக்கி விழும் இடம் எப்போதும் ஒன்றுதான். மழை வந்த பிறகுதான் யோசிக்கத் தொடங்குவார்கள். அந்த நேரத்தில் ஒரு அணி வெல்லும் நிலையில் இருக்கும், மற்றது தோற்கும் நிலையில் இருக்கும். இருவரும் நேர்மையானவர்களாக இருந்தாலும் ஒரே முடிவுக்கு வரமாட்டார்கள்.

அதனால் கீழே உள்ள படிகளில் முதல் மூன்றும் ஒரு துளி விழுவதற்கு முன்பே முடிய வேண்டியவை. உதாரணங்கள் எல்லாம் 30 ஓவர் லெதர் பந்துப் போட்டிக்கானவை. 20 ஓவர் போட்டிக்கும் வழி இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

1. மைதானம் பதியும்போதே பருவத்தைப் பாருங்கள்

கொழும்பு மழை எல்லா மாதமும் ஒரே மாதிரி வருவதில்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் காலை வெயில் பளிச்சென்று இருக்கும். பின்னேரம் இடியோடு கொட்டும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பில் ‘பி.ப. 2.00 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை’ என்று வருவது இந்தக் காலத்தில்தான். இந்த மாதங்களில் மதியம் தொடங்கும் போட்டியே வைக்காதீர்கள். காலை 9.00 மணிக்குத் தொடங்கி 2.00 மணிக்குள் முடிக்கிற மாதிரி மைதானம் எடுங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அப்போது மழை கடலிலிருந்து எந்த நேரமும் வரும், அரை மணியில் விட்டும் போகலாம். முதல் நாள் இரவு பெய்த மழைதான் பெரும்பாலும் காலைப் போட்டியைக் கெடுக்கும்.

வானத்தைப் பார்க்கும் திசையும் பருவத்துக்கு ஏற்ப மாறும். பருவக்காற்றுக் காலத்தில் கடல் பக்கம் கறுக்கிறதா என்று பாருங்கள். ஒக்டோபரில் கிழக்கே, அவிசாவளைப் பக்கமாகப் பாருங்கள், இடிமுகில் உள்நாட்டில்தான் திரளும். புதியவர்கள் கடலைப் பார்த்து ‘வானம் வெளிச்சமாத்தானே இருக்கு’ என்று நிற்க, முதுகுப் பக்கத்திலிருந்து மழை வந்துவிடும்.

பதியும்போதே மைதானப் பொறுப்பாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஆடுகளத்தை மூடப் படங்கு இருக்கிறதா, அதை யார் விரிப்பது? மழையால் ஆட முடியாவிட்டால் கட்டணம் திரும்புமா, வேறு திகதி தருவார்களா? ஆட முடியாது என்று சொல்லும் இறுதி அதிகாரம் அவர்களுக்கா, அம்பயர்களுக்கா? பல மைதானங்களில் பராமரிப்பாளர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அது தெரியாமல் அவரோடு தர்க்கப்பட்டால் அடுத்த முறை மைதானமே கிடைக்காது.

2. டொஸ்ஸுக்கு முன் ஒரு பக்கம் எழுதுங்கள்

எல்லாப் படிகளிலும் முக்கியமானது இதுதான். ஒரு தாளில் எழுதி, இரண்டு கப்டன்களும் கையெழுத்திட்டு, படம் எடுத்து இரு அணிகளின் வட்ஸ்அப் குழுவிலும் போடுங்கள். டொஸ் போட்ட பிறகு எழுதினால், யார் முதலில் ஆடுவார் என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு விதியையும் தங்கள் பக்கம் இழுக்கப் பார்ப்பார்கள்.

முதலில் நேரம். ஒரு ஓவருக்கு 4 நிமிடம் என்று வையுங்கள். இரு அணிக்கும் 60 ஓவர், 240 நிமிடம். இடைவேளை 30 நிமிடம். மொத்தம் நாலரை மணித்தியாலம். 9.00 மணிக்குத் தொடங்கினால் 1.30 ஆகும். மைதானம் 2.00 வரை இருந்தால் 30 நிமிடம் கையிருப்பு. மழை வந்தால் இடைவேளை 10 நிமிடமாகக் குறையும் என்பதையும் எழுதுங்கள்.

அடுத்து, முடிவு கிடைக்கக் குறைந்தது எத்தனை ஓவர். சர்வதேச ஒருநாள் போட்டியில் இரண்டாவது அணிக்குக் குறைந்தது 20 ஓவர், இருபதுக்கு இருபதில் 5 ஓவர். எங்கள் 30 ஓவர் போட்டிக்கு 10 ஓவர் என்று வைத்திருக்கிறோம். இதிலிருந்து கடைசித் தொடக்க நேரம் தானாக வரும். இரு அணிக்கும் 10 ஓவர் என்றால் 80 நிமிடம், இடைவேளை 10, ஆக 90 நிமிடம். 2.00 மணியிலிருந்து பின்னோக்கிப் போனால் 12.30. அதற்குள் முதல் பந்து விழாவிட்டால் போட்டி இல்லை. இந்த நேரத்தைக் கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் ஒரு மணி வரைக்கும் ‘இன்னும் பத்து நிமிஷம் பாப்பம்’ என்றே போகும்.

மூன்றாவது, முடிவெடுப்பவர் யார். கிரிக்கெட் விதிகளின்படி ஆடும் நிலையைத் தீர்மானிப்பது அம்பயர்கள்தான், கப்டன்கள் அல்ல. ஆனால் நம் போட்டிகளில் துடுப்பெடுத்தாடும் அணியின் பெடியன்களே மாறி மாறி அம்பயராக நிற்பார்கள். அப்படியென்றால் இரு அணியிலிருந்தும் தலா ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். இருவரும் ஒத்துவராவிட்டால் ஆடுவதில்லை என்று எழுதுங்கள். வழுக்கி ஒரு பெடியனின் முழங்கால் போனால் திங்கட்கிழமை வேலைக்கு யார் போவது?

நான்காவது, இலக்கை மாற்றும் முறை. ஓட்ட விகிதமா, மழைக்கு ஏற்ப இலக்கைக் கணக்கிடும் டக்வேர்த்–லூயிஸ் அட்டவணையா? இதை 9ஆம் படியில் விளக்கியிருக்கிறேன்.

கடைசியாக, மாற்று நாள் இருந்தால் அன்று விட்ட இடத்திலிருந்து தொடர்வதா, புதிதாகத் தொடங்குவதா? இரண்டுக்கும் உதாரணம் எங்கள் பிரேமதாச மைதானத்திலேயே இருக்கிறது. 2002 செப்டெம்பர் 29, 30ஆம் திகதிகளில் சம்பியன்ஸ் கிண்ண இறுதிப் போட்டி இரண்டு நாளும் முதலிலிருந்து தொடங்கியது. இலங்கை இரு நாளும் 50 ஓவர் ஆடியது, இந்தியா ஆடத் தொடங்கியதும் இரு நாளும் மழை. கிண்ணத்தை இரு அணிகளும் பகிர்ந்துகொண்டன. 2023 ஆசியக் கிண்ணத்தில் இந்தியா–பாகிஸ்தான் போட்டி செப்டெம்பர் 10ஆம் திகதி 24.1 ஓவரில் நின்றது. மறுநாள் அதே இடத்திலிருந்து தொடர்ந்து, முடிவும் கிடைத்தது. கழகங்களுக்கு நான் சொல்வது தொடர்வதையே. ஆனால் அதே பதினொரு பேரும் வர முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

3. கொண்டுபோக வேண்டியவை

ஆடுகளப் படங்கு மைதானத்தில் இருந்தாலும், பந்துவீச்சாளர் ஓடிவரும் பாதைக்கு இரண்டு சிறிய படங்குகள் நீங்களே கொண்டுபோங்கள். பெரும்பாலான மைதானங்களில் அது இருக்காது.

பழைய மெத்தை ஸ்பொஞ்ச், தலையணை அளவில் வெட்டிய நாலு துண்டு. இரண்டு வாளி. ஒரு தும்புத்தடி. கைப்பிடி மொத்தத்தில் நீளக் கயிறு ஒன்று. ஒரு சாக்கு மரத்தூள். மொறட்டுவைப் பக்கம் தளபாட வேலைத்தளங்களில் இது இலகுவாகக் கிடைக்கும். ஈரப்படாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள், நனைந்த மரத்தூளால் எந்தப் பயனும் இல்லை.

படங்கு பறக்காமல் பாரத்துக்கு மணல் மூட்டைகள் வையுங்கள். பழைய டயர்களை வைக்கும் பழக்கத்தை விடுங்கள். டயருக்குள் தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருகும். கொழும்பில் அது விளையாட்டுக் காரியம் அல்ல.

ஸ்கோர் புத்தகத்துக்கு பென்சில். பேனை மை ஒரு துளியில் கரைந்துவிடும். செயலியில் ஸ்கோர் போட்டாலும் தாளிலும் போடுங்கள், மழைக்குள் தொலைபேசி சார்ஜ் இறங்கிவிட்டால் கணக்குப் போட எதுவும் இருக்காது. கூடவே, பாதி பழசான பந்துகள் இரண்டு, துவாய்கள் மூன்று.

4. இடி கேட்டால் கேள்வியே இல்லை

மழைக்குக் காத்திருக்கலாம், இடிக்குக் காத்திருக்கக் கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 செக்கனுக்குக் குறைவாக இருந்தால் உடனே எல்லோரும் வெளியேற வேண்டும். ஒலி ஒரு கிலோமீற்றர் கடக்க ஏறக்குறைய 3 செக்கன் எடுக்கும். 30 செக்கன் என்றால் இடிமுகில் 10 கிலோமீற்றரில்தான் நிற்கிறது, அடுத்த மின்னல் உங்கள் மைதானத்தில் விழலாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும் வரை திரும்பக் கூடாது. நடுவில் இன்னொரு இடி கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து 30 நிமிடம்.

எங்கே ஒதுங்குவது என்பதில்தான் பிழை விடுகிறார்கள். ஓர மரத்தடி வேண்டவே வேண்டாம். நாலு பக்கமும் திறந்த கூடாரம் மழைக்குத்தான், மின்னலுக்கு அல்ல. ஓட்டோவின் கூரை ரெக்சின், அதுவும் பாதுகாப்பு இல்லை. சுவர் உள்ள கட்டடம் அல்லது கண்ணாடி ஏற்றிய கார், வான், பஸ்தான் சரி. படங்கு இன்னும் விரிக்கவில்லை என்றாலும் விட்டுவிட்டு வாருங்கள். ஒரு ஒக்டோபர் ஞாயிறு, எங்கள் பெடியன் ஒருவன் இரும்பு வெண்திரையைத் தள்ளிக்கொண்டு நின்றபோது பக்கத்து வளவுத் தென்னையில் மின்னல் விழுந்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து எங்கள் தாளில் முதல் வரி இதுதான்.

யாருக்காவது ஏதும் நடந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள். மின்னல் தாக்கியவரைத் தொடலாம், அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. பயந்து விலகி நிற்காமல் உடனே முதலுதவி தொடங்குங்கள்.

5. மழை வந்ததும்: எதை முதலில் மூடுவது

இடி இல்லாத மழை என்றால் ஓடுங்கள், ஆனால் வரிசை தெரிந்து ஓடுங்கள். முதலில் ஆடுகளம், அடுத்து பந்துவீச்சாளர் கால் ஊன்றும் இடம், பிறகு ஓடிவரும் பாதை. புல் மைதானம் நனைந்தாலும் ஆடலாம். கால் ஊன்றும் இடம் சேறானால் ஆட முடியாது. அதற்கு முன் ஸ்டம்புகளைப் பிடுங்க மறக்காதீர்கள், அவசரத்தில் படங்கைக் கிழிப்பது அதுதான்.

காற்று வரும் பக்கத்து ஓரத்துக்கு முதலில் பாரம் வையுங்கள். பருவக்காற்றுக் காலத்தில் அது பெரும்பாலும் கடல் பக்கம். மற்ற ஓரத்தில் தொடங்கினால் காற்று உள்ளே புகுந்து படங்கு பாய்மரம் மாதிரி எழும்பும், ஆறு பேர் தொங்கினாலும் நிற்காது.

ஆடுகளத்தில் பாய் விரித்து ஆடும் மேட்டிங் என்றால் மூடாதீர்கள், கழற்றுங்கள். தும்பு மேட்டிங் நனைந்தால் தூக்க முடியாத பாரமாகும், அன்று காயாது. ஆணிகளைப் பிடுங்கும்போது எண்ணி ஒரு வாளியில் போடுங்கள். புல்லில் ஒன்று விடுபட்டால் களத்தடுப்பில் பாய்பவன் அதன் மேல்தான் விழுவான். சுருட்டிக் கூரைக்குக் கீழே கொண்டுபோங்கள். சீமெந்துத் தளம் வெயில் பட்டால் கெதியாகக் காய்ந்துவிடும்.

இந்த நேரத்தில் ஸ்கோரர் இரண்டு விடயங்களை எழுத வேண்டும்: ஆட்டம் நின்ற நேரம், நின்ற பந்து. ‘9.40, 10 ஓவர், 47 ஓட்டம், 1 விக்கெட்’ என்று. ஞாபகத்தில் வைத்திருப்போம் என்று விட்டால் பிறகு ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள்.

மற்றவர்கள் சாப்பிடலாம். மழை இடைவெளியையே இடைவேளையாக எடுத்துக்கொண்டால் பிறகு 20 நிமிடம் மிச்சம். மாலு பாணும் பிளேன் டீயும் அதற்குப் போதும், சோற்றுப் பார்சலைப் போட்டி முடிந்த பிறகு பிரியுங்கள்.

6. மழை விட்டதும்: தண்ணீரை எங்கே விடுவது

எல்லோரும் செய்யும் பிழை இங்கேதான். மழை விட்ட சந்தோஷத்தில் நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துப் படங்கைத் தூக்குவார்கள். நடுவில் குளம் மாதிரி நிற்கும் தண்ணீர் ஒரு பக்கம் சரிந்து, ஒரு மணித்தியாலம் காத்த ஆடுகளத்தில், பந்து பெரும்பாலும் குத்தும் இடத்தில் மொத்தமாக ஊற்றும். நான் அதைக் கண்ணால் பார்த்து நின்றிருக்கிறேன். ஒரு செக்கன் சத்தம், பிறகு யாரும் பேசவில்லை. அன்று ஆட்டம் அதோடு முடிந்தது.

சரியான வழி: முதலில் படங்கு மேல் நிற்கும் தண்ணீரை ஸ்பொஞ்சால் வாளியில் எடுங்கள். பிறகு மைதானம் சரியும் பக்கத்தைப் பார்த்து, நீளப் பக்கமாக ஒரு ஓரத்திலிருந்து சுருட்டிக்கொண்டே போங்கள். மிச்சத் தண்ணீர் படங்குக்கு முன்னால் ஓடிப் பள்ளப் பக்கம் இறங்கும். ஓடிவரும் பாதைப் பக்கம் போகக் கூடாது.

வெயில் வந்துவிட்டால் தாமதிக்காமல் எடுங்கள். கொழும்பு வெக்கையில் படங்குக்குக் கீழே ஆடுகளம் வியர்க்கும். மழையே படாத மண் அதனால் ஈரமாகும்.

புல்வெளிக்குக் கயிறு. இருவர் இரண்டு முனையைப் பிடித்து, புல்லின் மேல் இழுத்துக்கொண்டு நடந்தால் புல் நுனியில் நிற்கும் நீர் கீழே விழும். பிறகு வெயில் மண்ணைத் தொடும். மரத்தூள் பந்துவீச்சாளர் கால் ஊன்றும் இடத்துக்கு மட்டும், அதுவும் தேங்கிய நீரை ஸ்பொஞ்சால் எடுத்த பிறகு. நீருக்கு மேலே போட்டால் கஞ்சியாகும்.

7. ஆடலாமா என்று சோதிப்பது

நியமித்த இருவர் மட்டும் உள்ளே போங்கள். இருபத்திரண்டு பேர் போனால் ஆடுகளம் மிதிபட்டே கெடும்.

குதிக்காலை ஊன்றி உடம்புப் பாரத்தைக் கொடுங்கள். சப்பாத்தைச் சுற்றித் தண்ணீர் ஊறி வந்தால் இன்னும் நேரம் வேண்டும். பந்துவீச்சாளர் கால் ஊன்றும் இடத்தில் முழு வேகத்தில் ஓடி வந்து நில்லுங்கள், வழுக்கினால் முடிவு கிடைத்துவிட்டது. ஆடுகளத்தில் பெருவிரலை அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் பந்து குழியாக்கி எகிறும், துடுப்பாட்டக்காரனுக்கு ஆபத்து.

முதல் சோதனையில் சரியில்லை என்றால் அடுத்த சோதனை நேரத்தை அப்போதே சொல்லுங்கள். ‘11.00 மணிக்கு மறுபடி பார்ப்போம்’ என்றால் எல்லோரும் அமைதியாக இருப்பார்கள். நேரம் சொல்லாவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் வந்து கேட்பார்.

8. ஓவர் கணக்கு: மிஞ்சிய நேரத்தை எண்ணுங்கள்

இழந்த நேரத்தைக் கூட்டிக் கழிக்கப் போகாதீர்கள். கையிருப்பு, இடைவேளை எல்லாம் சேர்ந்து குழப்பும். மிஞ்சிய நேரத்திலிருந்து தொடங்குங்கள்.

9.00 மணிக்குத் தொடங்கிய போட்டி 9.40க்கு நின்றது, 10 ஓவர் முடிந்திருந்தது. 11.00 மணிக்கு மறுபடி தொடக்கம். 2.00 வரை 180 நிமிடம். இடைவேளை 10 போனால் 170. நாலால் வகுத்தால் 42 ஓவர், மிச்சத்தை விடுங்கள். ஏற்கனவே வீசிய 10 சேர்த்து 52. ஆக அணிக்கு 26 ஓவர்.

இதை ஸ்கோர் புத்தகத்தின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதி இரு கப்டன்களுக்கும் காட்டிய பிறகுதான் ஆட்டம் தொடங்க வேண்டும்.

பந்துவீச்சு வரம்பும் மாறும். 30 ஓவரில் ஒருவருக்கு 6. 26 ஓவரில் ஐந்தில் ஒன்று என்றால் 5, மிஞ்சும் ஒன்றுக்காக ஒருவர் மட்டும் 6 வீசலாம். இதை மறந்து, நாலு பேர் 6 வீசிய பிறகு தகராறு வருவதை அடிக்கடி பார்க்கிறேன்.

9. இலக்கு: ஓட்ட விகிதம் ஏன் போதாது

முதல் இன்னிங்ஸில் மழை வந்து இரு அணிக்கும் சம ஓவர் கிடைத்தால், எங்கள் மட்டத்தில் இலக்கை மாற்ற வேண்டாம். அது முதலில் ஆடிய அணிக்குக் கொஞ்சம் நட்டம்தான், முழு ஓவரும் உண்டென்று நிதானமாக ஆடியிருப்பார்கள். ஆனாலும் இது எல்லோருக்கும் விளங்கும். டொஸ்ஸுக்கு முன் ஒத்துக்கொண்டதாக இருந்தால் போதும்.

இரண்டாவது அணியின் ஓவர் மட்டும் குறைந்தால்தான் கணக்கு வேண்டும். ஒரு அணி 30 ஓவரில் 150 எடுத்தது. மற்ற அணி ஆடுமுன் மழை, 20 ஓவர்தான் உண்டு. ஓட்ட விகிதப்படி 100, வெல்ல 101. ஆனால் அந்த அணிக்குப் பத்து விக்கெட்டும் முழுதாக இருக்கிறது, 20 ஓவரில் துணிந்து அடிக்கலாம். இது துரத்தும் அணிக்கு மிகவும் சாதகம்.

டக்வேர்த்–லூயிஸின் பழைய கை அட்டவணை ஓவரையும் விக்கெட்டையும் சேர்த்து ‘வளம்’ என்று சதவீதமாகத் தருகிறது. முழு 50 ஓவரும் 100 என்று வைத்தால், விக்கெட் இழக்காமல் 30 ஓவர் மிஞ்சினால் 75.1, 20 ஓவர் மிஞ்சினால் 56.6. 150ஐ 56.6ஆல் பெருக்கி 75.1ஆல் வகுத்தால் 113.05. வெல்ல 114. ஓட்ட விகிதத்தோடு ஒப்பிட்டால் 13 ஓட்டம் வித்தியாசம், இது நியாயமான இலக்கு.

ஆட்டம் நடுவில் நின்று தொடர முடியாவிட்டால் வித்தியாசம் இன்னும் பெரிது. அதே 150ஐத் துரத்தி 10 ஓவரில் 55 எடுத்தபோது மழை வந்து போட்டி முடிந்தது என்று வையுங்கள். ஓட்ட விகிதப்படி சமநிலை 50, எப்படியும் வெற்றி. அட்டவணைப்படி, 2 விக்கெட் போயிருந்தால் மிஞ்சிய வளம் 52.4, பயன்படுத்தியது 22.7, சமநிலை 45. வெற்றிதான். ஆனால் 5 விக்கெட் போயிருந்தால் மிஞ்சியது 38.6, பயன்படுத்தியது 36.5, சமநிலை 72. 55 எடுத்தவர்கள் தோற்றுவிட்டார்கள். பாதி அணி வெளியேறிய பிறகும் வென்றதாகச் சொல்வது சரியா என்று கேட்டால், எதிர் அணியே பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். அட்டவணையை அச்சடித்து ஸ்கோர் புத்தகத்தில் ஒட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சமநிலை எண்ணும் வெல்லும் எண்ணும் ஒன்றல்ல. 2003 மார்ச் 3, டர்பன், உலகக் கிண்ணத்தில் இலங்கையும் தென்னாபிரிக்காவும். ஆட்டம் 45 ஓவரோடு நின்றால் வெல்ல 229 போதும் என்று நினைத்து, முரளிதரன் வீசிய அந்த ஓவரின் கடைசிப் பந்தைத் தென்னாபிரிக்காவின் பவுச்சர் ஓட்டம் எடுக்காமல் தடுத்தார். 229 சமநிலைதான், வெல்ல 230 வேண்டும். மழையால் ஆட்டம் அதோடு நின்றது, போட்டி சமன், தென்னாபிரிக்கா வெளியே. ஆகவே ஸ்கோரர் ஒவ்வொரு ஓவர் முடிவிலும் ‘வெல்ல இவ்வளவு’ என்ற ஒரே எண்ணை மட்டும் சத்தமாகச் சொல்லட்டும்.

10. மறுபடி ஆடும்போது

பந்து நனைந்தால் வீங்கிப் பாரமாகும். அம்பயர் ஒத்துக்கொண்ட துவாயால் துடைக்கலாம், சேறு எடுப்பதென்றால் அவர் பார்க்க எடுக்க வேண்டும். ஆட முடியாத நிலை என்றால் அதே அளவு பழசான பந்தை மாற்றுங்கள், புதுப் பந்து கொடுத்தால் ஆட்டமே மாறிவிடும்.

முதல் இரண்டு ஓவருக்கு வேகப்பந்து வீச்சாளர்கள் ஓடும் தூரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். களத்தடுப்பவர்களுக்கும் பாய வேண்டாம் என்று சொல்லுங்கள், பெடியள் கேட்கமாட்டார்கள், ஆனாலும் சொல்லுங்கள்.

11. கைவிடுவதும், அதன் பிறகும்

எழுதிய நேரம் வந்து மைதானம் சரியில்லை என்றால் அந்த நிமிடமே அறிவியுங்கள். ஸ்கோர் புத்தகத்தில் நேரம், காரணம், முடிவு மூன்றையும் எழுதி இரு கப்டன்களின் கையெழுத்தை மைதானத்திலேயே வாங்குங்கள். வீட்டுக்குப் போன பிறகு வாங்கவே முடியாது. கட்டணம் திரும்பக் கேட்பதென்றால் அதே பக்கத்தின் படத்தை அன்றே அனுப்புங்கள்.

நனைந்த காலுறையையும் கையுறையையும் பைக்குள் விடாதீர்கள், மறுநாளே பூஞ்சணம் பிடிக்கும். துடுப்பின் அடிப்பகுதியைத் துடைத்து நிழலில் படுக்க வையுங்கள், நெருப்புக்கோ கடும் வெயிலுக்கோ பிடித்தால் வெடிக்கும். படங்கைத் திங்கட்கிழமை யாராவது ஒருவர் விரித்துக் காயவைக்க வேண்டும். அந்த ஒருவரின் பெயரை மைதானத்தை விட்டுப் போகுமுன் சொல்லிவிடுங்கள். வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள்.